மணிக்காரன் பெண்டாட்டியின் கை

ஹோவர்கெம் சந்தையில் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மேல் பேரம் பேசி எவரும் ஜெயித்ததில்லை. கோபுரத்து மணிகள் நாற்பத்தேழும் வாயைத் திறந்துவிட்டால் 'குறைச்சுக் குடு' என்பதும் 'முடியாது' என்பதும் ஒன்றுபோலத்தான் கேட்கும். விவரம் தெரிந்த பெண்கள் பத்தரைக்குள் பாலாடைக்கட்டியை முகர்ந்து, முகத்தைச் சுளித்து, முக்கால் விலைக்கு இறக்கிக் கூடையில் போட்டுக்கொள்வார்கள். மற்றவர்கள் மணியோசைக்குத் தலையாட்டிக்கொண்டே சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

கோதலீவ் முதல் ரகம். மீன்கடைக்காரர் மகள். ஹெர்ரிங் மீனின் செவுளைப் பார்த்தே அது எந்தக் கிழமை கடலை விட்டது என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும் செவுளைப் பார்க்காமல் விட்டுவிட்டாள் என்று சந்தையில் சொல்வார்கள். அவள் கட்டிக்கொண்டது ஊர் மணிக்காரன் ஃபிர்மினை.

மணிக்காரன் என்றதும் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறவன் என்று நினைக்க வேண்டாம். முன்னூற்றுப் பன்னிரண்டு படி ஏறினால் ஒரு மர அறை. அதற்குள் விளக்குமாற்றுக் கட்டை கனத்தில் இரண்டு வரிசைத் தடிகள். ஒவ்வொரு தடியிலிருந்தும் ஒரு கம்பி மேலே போய் ஒரு மணியின் நாக்கைப் பிடித்திருக்கும். முஷ்டியை மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தால் தடியை இடிக்க வேண்டும். தோல் உரியாமல் இருக்கச் சுண்டுவிரலுக்கு ஒரு தோலுறை. பெரிய மணிகளுக்குக் கால்கட்டைகள். ஒரு மணி நேரம் இடித்துவிட்டு இறங்கி வருகிறவனைப் பார்த்தால் சங்கீதக்காரன் என்று தோன்றாது. படகிலிருந்து மூட்டை இறக்கிவிட்டு வருகிறவன் என்றுதான் தோன்றும்.

கோபுரத்தின் காலடியில் இருந்த வீடு நகரசபையின் சொத்து. மணிக்காரனாக இருக்கிற வரைக்கும்தான் அதில் இருக்கலாம். தொடர்ந்து இரண்டு வியாழன் மணி வாசிக்காவிட்டால் வேலை போகும், அதோடு வீடும் போகும் என்று ஒரு விதி. வேலைக்குக் காத்திருக்கவும் ஆள் இருந்தான். கவுன்சிலர் காமீல் போனின் அக்கா மகன், மணி வாசிக்கச் சொல்லித்தருகிற பள்ளிக்கூடத்தில் முறையாகப் படித்தவன்.

அந்தப் பையன் ஒருமுறை இங்கே வந்து வாசித்தான். ஏறுவதற்கு முன்னால் கோதலீவிடம் ஒரு பேசினில் வெந்நீர் கேட்டு, கையை ஊறவைத்து, தோளைச் சுற்றி, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டான். ஃபிர்மின் நாற்காலியில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தான்.

"தம்பிக்குக் கல்யாணமா? மாப்பிள்ளைக்குத்தான் இப்படி நலங்கு வைப்பாங்க" என்றான்.

"கை சூடேறாம இடிச்சா நரம்பு போயிரும் சார்."

"எனக்குச் சூடு ஜின் பாட்டிலுக்குள்ள இருக்கு."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று ஜனவரி. கால்வாய் உறைந்து, வண்டிகளே அதன்மேல் போய்வந்த குளிர். அந்த வியாழக்கிழமை ஃபிர்மின் மூன்று கிளாஸ் ஜின்னை ஊற்றிக்கொண்டு ஏறினான். எடுத்த எடுப்பிலேயே இருப்பதில் கனமான, வேகமான உருப்படியை இடித்தான். ஜின் வயிற்றைச் சூடாக்கும். முழங்கைக்குக் கீழே அதற்கு அதிகாரம் கிடையாது. பாதி உருப்படியில் வலக்கைக்குள் ஏதோ கொதித்தது. மீதியை எப்படியோ ஒப்பேற்றிவிட்டு இறங்கி வந்தவனால் கஞ்சிக் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

டாக்டர் சின்ன வயசுக்காரர். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அமுக்கிப் பார்த்தார்.

"நரம்போட உறை வீங்கியிருக்கு. ஆறு வாரம் இடிக்கவே கூடாது. அப்புறமும் எடுத்ததும் பாயக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணியில கைய வையுங்க. தோள், முழங்கை, மணிக்கட்டு, ஒண்ணொண்ணா மெதுவாச் சுத்துங்க. மெள்ள ஆரம்பிச்சு இருபது நிமிஷம் கழிச்சு பலமா இடிக்கலாம். வலிச்சா நிறுத்தணும். வலியோட இடிக்கிறது வீரம் இல்ல."

"டாக்டர் தம்பிக்கு என்ன வயசு?"

"இருபத்தொம்பது."

"நான் பத்தொம்பது வருஷமா இடிக்கறேன்."

"அதான் வீங்கியிருக்கு."

ஃபிர்மினுக்கு இது ஒன்றும் காதில் ஏறவில்லை. ஏறியது கோதலீவுக்கு. தோளை எப்படிச் சுற்ற வேண்டும் என்று இன்னொரு தடவை செய்துகாட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிர்மின் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "போச்சு. ரெண்டு வியாழன் போனா அந்த நலங்கு மாப்பிள்ளை வந்து இந்த அடுப்புல காபி போடுவான். நாம எங்க போறது? உன் அண்ணன் வீட்டு மீன் கிடங்குக்கா?"

"நான் வாசிக்கறேன்" என்றாள் கோதலீவ்.

அவன் தலையைத் தூக்கினான்.

பழகுவதற்கென்று ஒரு தடிமேசை அவர்கள் வீட்டுச் சமையலறையில் இருந்தது. மணிகளுக்குப் பதில் இரும்புப் பட்டைகள் வைத்தது. வேறு எந்த அறையிலும் அது நுழையவில்லை. பத்தொன்பது வருஷமாக அவன் அதில் இடிக்க இடிக்க அவள் பக்கத்தில் உருளைக்கிழங்கு உரித்திருக்கிறாள். அவன் சாராயக்கடைக்குப் போனதும் கையைத் துடைத்துக்கொண்டு அவளும் உட்கார்ந்திருக்கிறாள். அவனுக்கும் அது தெரியும். தெரியும் என்று சொன்னதில்லை.

"பொம்பளை ஏறி இடிச்சா சபையில விடுவானுங்களா?"

"கோபுரத்துக்குள்ள யாரு இருக்கான்னு இந்த ஊர்ல எவன் எட்டிப் பார்த்திருக்கான்? நீ எப்பவும் போல பத்து மணிக்கு எல்லாரும் பார்க்க ஏறிப் போ. அடுப்பைப் பத்தவை. நான் எப்பவும் போல காபித் தூக்கோட வரேன். முடிஞ்சதும் நீ மொதல்ல எறங்கு."

மீன்காரர் மகள் போட்ட திட்டத்தில் ஓட்டை இருக்காது. வியாழன்தோறும் அவள் சமையலறையில் பேசின் வெந்நீரில் கையை வைப்பாள். தோளைச் சுற்றுவாள். முழங்கையை நீட்டி மடக்குவாள். பழகும் மேசையில் பூனை நடப்பது போல ஆரம்பித்து, மெல்ல மெல்ல வேகம் கூட்டுவாள். கம்பளிக் கையுறைக்குள் அந்தச் சூட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டு, மூச்சு வாங்காமல் ஒரே சீராகப் படியேறுவாள். மேலே அவன் எண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்கியிருப்பான். அங்கே இன்னும் ஐந்து நிமிஷம். அப்புறம்தான் தோலுறை.

"என்னடி, பறக்கப் போறியா?" என்பான், அவள் கையைச் சுற்றும்போது.

"எங்கப்பா காலையில தராசத் துடைக்காம ஒரு மத்தி மீனைக்கூட நிறுத்ததில்ல."

"உங்கப்பா கட்டைவிரல வச்சு அமுக்கித்தான நிறுத்தாரு."

"ஆமா. அதுக்கும் கட்டைவிரல் நல்லா இருக்கணும்ல?"

முதல் மூன்று வாரம் இருவருமே சிரித்தார்கள். அவள் இடிக்கும்போது அவன் தாளைப் புரட்டிக் கொடுத்தான். இறங்கி வந்து மோர்க்கஞ்சியும் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியும் சாப்பிடும்போது, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து நீவிக்கூட விட்டான்.

ஊர்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

பாலாடைக்கட்டிக் கடை ஸிடோனி கோதலீவைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஏம்மா, உன் வீட்டுக்காரருக்கு என்ன போட்டுச் சமைக்கிற? முன்னெல்லாம் அவர் இடிச்சா என் தலைவலி இடிக்கிற மாதிரி இருக்கும். இப்பல்லாம் பாதி யாவாரத்துல நின்னு கேக்கறேன். நட்டம் எனக்கு."

"தினம் ஒரு முட்டை" என்றாள் கோதலீவ். சொல்லும்போது காதெல்லாம் சிவந்துவிட்டது. நாற்பத்து நாலு வயசில் முதல்முதலாக யாரோ தன்னைப் பாராட்டுகிறார்கள், அதையும் புருஷன் பேரில் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனாலும் இனித்தது.

ஃபிர்மினுக்குச் சாராயக்கடையில் கிடைத்தது வேறு மாதிரி. முதுகில் தட்டினார்கள். ஓசியில் ஊற்றினார்கள். "பத்தொம்பது வருஷம் கழிச்சு வாசிக்கக் கத்துக்கிட்டீரே!" என்றார் சவப்பெட்டி செய்கிறவர். கடையே சிரித்தது. ஃபிர்மினும் சிரித்தான். வீட்டுக்கு வந்து பழகும் மேசையை ஒரு உதை விட்டான்.

ஆறு வாரம் முடிந்தது. "இன்னும் வலிக்குதா?" என்று கேட்டாள்.

"உசிர் போகுது" என்றான்.

எட்டாவது வாரம் கேட்டாள். பத்தாவது வாரம் கேட்டாள். உசிர் போய்க்கொண்டேதான் இருந்தது. அவன் முனகுவதைப் பார்த்து இவளே தைலம் தேய்த்துவிட்டாள். அவன் ரொட்டியையும் இவளே வெட்டிக் கொடுத்தாள். சந்தையில் யாரிடமும் ஏமாறாதவள், தன் சமையலறையில் சரக்கைத் திருப்பிப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் திருப்பிப் பார்க்க விரும்பவும் இல்லை. அவனுக்குக் கை சரியாகிவிட்டால் இவளுக்குக் கோபுரம் இல்லை.

மார்ச் கடைசியில் கவுன்சிலர் காமீல் போன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"ஃபிர்மின், உங்க வாசிப்பு வெளியூர் வரைக்கும் பேசப்படுது. என் அக்கா மகனே 'நான் போட்டிக்கு வரல மாமா'ன்னுட்டான். இனிமே வருஷா வருஷம் வேலையப் புதுப்பிக்கிற கதை வேண்டாம். ஈஸ்டர் கழிஞ்ச வியாழன் மணி வாசிப்புல விஷயம் தெரிஞ்ச ரெண்டு பேர் உங்க வாசிப்பக் கேக்க வராங்க. அவங்க சரின்னா வேலை ஆயுசுக்கும் உங்களுக்கு. வீடும்தான். யாரும் அசைக்க முடியாது. நானே நினைச்சாலும் முடியாது, பாத்துக்கோங்க."

அவர் போனதும் கோதலீவ் சுவரைத் தடவிப் பார்த்தாள். ஆயுசுக்கும் என் சுவர் என்று நினைத்துக்கொண்டாள். ஃபிர்மின் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வியாழன் ஏப்ரலுக்கு உரிய லட்சணத்தோடு விடிந்தது. மழையா பனியா என்று அதற்கே தெரியாமல் ஏதோ கொட்டிக்கொண்டிருந்தது. ஃபிர்மின் வழக்கத்தைவிட முன்னாலேயே, ஒன்பதரைக்கே கிளம்பினான். "குளிரு. அறை சூடேற நேரமாகும்" என்றான். கோதலீவுக்கு அவன்மேல் பிரியமாகக்கூட இருந்தது.

அவள் பேசினில் வெந்நீரை ஊற்றிக் கையை வைக்கப் போன நேரம் கதவு தட்டப்பட்டது. கவுன்சிலரும், கேட்க வந்த இரண்டு பேரும். குடையிலிருந்து தண்ணீர் சொட்ட உள்ளே நுழைந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரர் நேத்து சொன்னாரும்மா, 'பத்து மணிக்கு வந்துருங்க, என் பெண்டாட்டி சுடற அப்பம் இந்த ஊர்ல கிடையாது'ன்னு. காலையில ஒண்ணும் சாப்பிடாம வந்திருக்கோம்."

கோதலீவ் பேசினைப் பார்த்தாள். "அவரா சொன்னாரு?"

"ஆமா. சாப்பிட வைக்காம அனுப்பினா அவ வருத்தப்படுவான்னாரு."

மாவு கரைத்தாள். குளிர்ந்த பால், முட்டை, கல்லைப் போன்ற வெண்ணெய். அப்பம் அப்பமாகச் சுட்டுப் போட்டாள். அவர்கள் வெல்லப்பாகை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டார்கள். கேட்க வந்தவர்களில் தாடிக்காரர், மணி வாசிக்கிறவர்களின் கையைப் பற்றியே பேசினார்.

"முக்காவாசிப் பேர் கை சூடேத்தாமத்தான் அம்மா கெட்டுப்போறான். உங்க வீட்டுக்காரர் எப்படி?"

"அவர் ரொம்ப ஜாக்கிரதைங்கய்யா" என்றாள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. பத்தே முக்கால். "காபி கொண்டு போகணும். அவர் காபி குடிக்காம வாசிக்கமாட்டார்."

"இருங்கம்மா, இன்னொரு அப்பம்."

பத்து ஐம்பத்திரண்டுக்குத்தான் அவர்கள் எழுந்து சதுக்கத்துக்குப் போனார்கள். அவள் கையுறையை எடுக்கவும் மறந்து தூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். படிச்சுவர் வேர்த்து வழிந்தது. பற்றிக்கொண்டு ஏறிய இரும்புக் கம்பி விரலைக் கடித்தது. சீராக ஏற நேரமில்லை. மூச்சு இரைக்க மேலே போய்க் கதவைத் தள்ளினாள்.

அறை கிணற்றின் அடி மாதிரி சில்லிட்டிருந்தது. அடுப்பு பற்றவைக்கப்படவேயில்லை. ஃபிர்மின் இரண்டு கோட்டைப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான்.

"அடுப்பு எங்க?"

"எண்ணெய் தீர்ந்துபோச்சு."

"ஒன்பதரைக்கு ஏறினியே! இறங்கி வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"முன்னூத்துப் பன்னிரண்டு படி. நோயாளிடி நான்."

"அவங்கள அப்பம் திங்க ஏன்டா கூப்பிட்ட?"

"மரியாதைக்கு."

கோதலீவ் கையை ஊதினாள். அக்குளில் வைத்துக்கொண்டாள். நகக்கண் நீலமாக இருந்தது. "பத்து நிமிஷம் தள்ளி ஆரம்பிப்போம். கையத் தேச்சுக்கறேன்."

"தேர்வு அன்னிக்கு லேட்டாவா? நல்ல கதை." அவன் கோட்டிலிருந்து ஜின் பாட்டிலை எடுத்து நீட்டினான். "இந்தா. எனக்கு இதுதான் பத்தொம்பது வருஷம்."

"உன் கையுறையக் குடு."

"எனக்குக் குளிருதே."

தலைக்கு மேலே நேரம் சொல்லும் பெரிய மணி பதினொன்று அடிக்கத் தொடங்கியது. தன் முன்னால் இருப்பது என்ன என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இடித்தால் கை. இடிக்காவிட்டால் வீடு. இதில் குறைத்துக் கேட்க யாரும் இல்லை. தோலுறையை மாட்டிக்கொண்டாள்.

முதல் இருபது நிமிஷம் விரல்கள் இருப்பதே தெரியவில்லை. தெரிய ஆரம்பித்தபோது வலியாகத் தெரிந்தது. கடைசி உருப்படியின் நடுவில் வலது முழங்கைக்குக் கீழே, ஈரக் கயிறு ஒன்று இழை இழையாகப் பிரிவது போல இருந்தது. அப்புறம் ஒரே சுடு. சுண்டுவிரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வலியோட இடிக்கிறது வீரம் இல்ல என்று டாக்டர் சொன்னதை அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டே இடித்தாள். வலக்கையின் வேலையை முடிந்தவரை இடக்கைக்கு மாற்றி, மீதியைக் கால்களில் இறக்கி, கண்ணீர் மூக்கின் நுனியில் சொட்ட, கடைசித் தடி வரைக்கும் இடித்தாள்.

சதுக்கத்திலிருந்து கைதட்டல் மேலே வந்தது. கோபுரத்தின் உச்சிக்கே கேட்கிற கைதட்டல் அந்த ஊரில் அதற்கு முன் நடந்ததில்லை.

ஃபிர்மின் எழுந்தான். அவள் வலக்கையை எடுத்தான். வீங்க ஆரம்பித்திருந்த சுண்டுவிரலிலிருந்து தோலுறையை இழுத்தான். அவள் அலறினாள். "சத்தம் போடாத, கீழ கேக்கும்" என்றான். இன்னும் சூடு இருந்த அந்த உறையைத் தன் விரலில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

சாளரத்தின் பலகை இடுக்கு வழியாக அவள் பார்த்தாள். கவுன்சிலர் அவன் வலக்கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். தாடிக்காரர் அதே கையை நசுக்குகிற மாதிரி அழுத்தினார். சவப்பெட்டிக்காரர் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்து அவனையே இழுத்து அணைத்துக்கொண்டார். ஃபிர்மின் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. உசிர் போகிற கை அது.

அன்றைக்கு மதியம் சபையின் காகிதம் மேசைமேல் இருந்தது. ஆயுசுக்கும் என்று அதில் எழுதி முத்திரை குத்தியிருந்தார்கள். கோதலீவ் வலக்கையைத் துணியில் தொங்கப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப சரியாச்சு?"

"பிப்ரவரி கடைசி."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நான்தான இடிக்கணும்? ரெண்டு பேரு கேக்க வந்திருப்பானுங்களா? காகிதம் வந்திருக்குமா?" ஃபிர்மின் ரொட்டியைத் தானே வெட்டிக்கொண்டான். அழகாக, மெலிசாக வெட்டினான். "நீ இடிச்சா காகிதம் வரும். வந்துருச்சு. சந்தோஷம்."

"அடுப்பு?"

அவன் ரொட்டியை மென்று விழுங்கினான். "காகிதம் வந்தப்புறமும் நீ இடிச்சுக்கிட்டே இருப்ப. நான் மூலையில உக்காந்து தாள் புரட்டணும். அந்தப் பெட்டி செய்யறவன் என் முதுகுல தட்டுவான். தட்டறது உனக்கு, விழறது எனக்கு. எத்தனை வருஷம்டி அத வாங்கிக்கறது? இனிமே நானே பாத்துக்கறேன். உன் கைக்கும் ஓய்வு."

"யார்கிட்டயாவது சொல்லிருவேன்னு பயமில்லையா?"

"சொல்லேன். பதினாலு வாரம் சபைய ஏமாத்தினது ரெண்டு பேரும்தான். வீடு போயிரும். உனக்கு இந்தச் சுவரு புடிக்குமே."

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நரம்பு அறுந்திருக்கிறது என்றார். கனமான எதையும் அந்தக் கையால் இனிமேல் தூக்க முடியாது, சுண்டுவிரல் மடங்காது என்றார். "இருபது நிமிஷம் சூடேத்தியிருந்தா..." என்று ஆரம்பித்தவர், கோதலீவ் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

புதன்கிழமை சாயங்காலம் ஃபிர்மின் பழகும் மேசையில் உட்கார்ந்தான். மறுநாள் வாசிக்க வேண்டும். அவள் ஜெயித்துக் கொடுத்த அதே உருப்படியை ஊர் கேட்டிருந்தது. இடித்தான். ஒரு இடத்தில் இடறியது. மறுபடி இடித்தான். மறுபடியும் அங்கேயே இடறியது. என்ன தப்பு என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கோதலீவ் இடக்கையால் உருளைக்கிழங்கை உரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு எங்கே என்று அவளுக்கு முதல் தடவையிலேயே தெரிந்துவிட்டது. கால்கட்டையிலிருந்து காலை ஒரு இடி முன்னதாகவே எடுத்துவிடுகிறான், அவ்வளவுதான். ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்.

அவன் திரும்பாமலே கேட்டான். "எங்கயோ உதைக்குதே. என்னன்னு தெரியுதா?"

"எங்க?"

"நடுவுல."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. நல்லாத்தான இருக்கு."

"நெசமாவா?"

"என்னோடதவிட நல்லா இருக்கு" என்றாள் கோதலீவ்.

அவன் முதுகு நிமிர்ந்தது. தப்போடு சேர்த்து அதே உருப்படியை எட்டுத் தடவை இடித்து நன்றாகக் கெட்டியாக்கிக்கொண்டான்.

மறுநாள் பதினோரு மணிக்கு அது கோபுரத்திலிருந்து ஊர் தலையில் விழுந்தது. சந்தை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தது. ஸிடோனி பாலாடைக்கட்டி வெட்டும் கம்பியைக் கையில் பிடித்தபடி காதை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். இடறிய இடம் மறுபடி வந்தது. அவள் பல்லைக் கடித்தாள். ஓசை கொஞ்சம் இறங்கிய இடைவெளியில், கடைமுன் கூடையோடு நின்ற கோதலீவின் காதருகே குனிந்து கத்தினாள்.

"என்னம்மா ஆச்சு இவருக்கு? போன வாரம் தேவதை மாதிரி இடிச்சாரே! காகிதம் கைக்கு வந்ததும் திமிரா?"

"இருக்கும்."

"இப்படியேவா இடிப்பாரு இனிமே?"

"காகிதத்துல ஆயுசுக்கும்னு போட்டிருக்கு ஸிடோனி."

"அவருக்கு என்ன வயசு?"

"நாப்பத்தேழு" என்றாள் கோதலீவ். "நல்ல உடம்பு. அவங்க வீட்டுல எல்லாரும் தொண்ணூறைத் தாண்டுவாங்க."